மன்னித்தவர் நீதி கேட்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் சபையில் நடந்த குண்டுவெடிப்பில் தன் பிள்ளையை இழந்த உங்கள் சின்னம்மா, ஒவ்வொரு நினைவுநாளிலும் மெழுகுதிரியோடு நிற்பதுடன் விசாரணை வேண்டும் என்று எழுதிய பதாகையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஜெபக்கூட்டத்துச் சகோதரிமார் சிலர், "மன்னித்துவிட்டேன் என்று சாட்சி சொன்னவள் வழக்கைப் பற்றிப் பேசலாமா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். உறவினர் ஒருவர் ஆறுதலாக, "அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்" என்று சொன்னபோது, "எத்தனை வருஷம் நிற்கும்?" என்று சின்னம்மா திருப்பிக் கேட்டிருக்கிறார். ஆகவே நீங்கள் அறிய விரும்புவது, துன்புறுத்தப்படுகிற விசுவாசிகளுக்குக் கடவுள் நீதி செய்வார் என்ற வாக்குறுதியின் உண்மையான பொருள் என்ன என்பதும், அந்த வாக்குறுதியை நம்புகிறவர் மனித நீதிமன்றத்தில் நீதி கேட்பது நம்பிக்கைக் குறைவா என்பதும்தான்.

நான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் உபதேசிமாருக்குப் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்துடன் ஒப்பிட்டுக் கற்பித்து வந்தவன். அந்தப் பயிற்சியை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன். சட்டம் படித்தவன் அல்லன். அதைவிட முக்கியமாக, அன்று அந்தச் சபை முற்றத்தில் பிள்ளையை இழந்தவனும் அல்லன். எனவே வேதவாக்கியம் என்ன சொல்கிறது என்பதில் உறுதியாகவும், உங்கள் சின்னம்மா என்ன உணர வேண்டும் என்பதில் வாய் திறவாமலும் இருக்க முயல்வேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும், ஏனெனில் குழப்பத்தின் பெரும்பகுதி அதில்தான் தொடங்குகிறது. சகோதரிமார் மனத்தில் வைத்திருக்கும் வசனம் ரோமர் 12:19 ஆக இருக்கும்: "பழிவாங்குதல் எனக்குரியது, நான் பதிற்செய்வேன்." பழிவாங்குதல் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது கத்தியும் பகையும் தலைமுறைக் கோபமும். ஆனால் அங்கே பவுல் எழுதிய கிரேக்கச் சொல் எக்திகேசிஸ். அதன் நடுவில் திகே, அதாவது நீதி என்ற சொல் இருக்கிறது. லூக்கா 18ஆம் அதிகாரத்தில், கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதியாத நியாயாதிபதியிடம் ஒரு விதவை ஓயாமல் வந்து "எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்" என்று கேட்கிறாள் அல்லவா, அங்கே அவள் வாயில் இருப்பதும் அதே வேரிலிருந்து வந்த வினைச்சொல்தான். நமது பழைய தமிழ் வேதாகமம் விதவையின் வாயில் அதை "நியாயஞ்செய்" என்று மொழிபெயர்க்கிறது. ரோமரில் "பழிவாங்குதல்" என்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 6:10இல், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து கூப்பிடும் இடத்தில் மீண்டும் "பழிவாங்காமலும் இருப்பீர்" என்கிறது. மொழிபெயர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வோர் இடத்தின் தொனியும் அவர்களை அப்படி இழுத்திருக்கிறது. ஆனால் தமிழில் மட்டும் வாசிக்கும் ஒருவர், விதவை கேட்டது நல்லது, ஆத்துமாக்கள் கேட்டது பயங்கரமானது, பவுல் தடைசெய்தது இரண்டையும் என்று எண்ணிவிடுவார். மூலத்தில் மூன்றும் ஒரே வேர்.

இதைத் தெரிந்துகொண்டு ரோமரை மறுபடி வாசித்தால் பவுல் தடைசெய்வது என்ன என்பது தெளிவாகிறது. நீங்களே உங்கள் கையால் அதைச் செய்யாதீர்கள் என்கிறார். நீதி கேட்காதீர்கள் என்று அந்த வசனத்தில் எங்கும் இல்லை. மேலும், அதிகாரப் பிரிவு பவுல் போட்டதல்ல, 13ஆம் நூற்றாண்டில் வந்தது. பிரிவை மறந்துவிட்டுத் தொடர்ந்து வாசித்தால், சில வசனங்கள் கழித்து 13:4இல் ஆளுகை செய்கிறவனைப் பற்றிச் சொல்லும்போது அதே வேரிலிருந்து வந்த எக்திகோஸ் என்ற சொல்லையே பயன்படுத்துகிறார். தமிழில் அது "நீதியைச் செலுத்துகிற" என்று ஆகியிருக்கிறது. உன் கையிலிருந்து எடுத்ததைக் கடவுள் எங்கே வைக்கிறார் என்று கேட்டால், பவுல் காட்டும் இடங்களுள் ஒன்று அரசின் நியாய ஆசனம். அவரும் அப்படித்தான் நடந்துகொண்டார். பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் மறுநாள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, ரோமரான எங்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். பின்னர் செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார், இன்றைய பேச்சில் மேன்முறையீடு செய்தார். சிறைச்சாலைக்காரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே இரவு விடிந்த காலையில்தான் அந்த அதிகாரிகளிடம் கணக்கும் கேட்டார் என்பதைச் சகோதரிமாருக்கு நினைவூட்டலாம்.

விதவையின் கதையில் இன்னொரு நுட்பம் உண்டு. அவள் "அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி" என்று நியாயாதிபதி சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது கண்ணுக்குக் கீழே குத்துவதைக் குறிக்கும் குத்துச்சண்டைச் சொல். இயேசு இந்தப் பெண்ணைத்தான் ஜெபத்துக்கு மாதிரியாக வைக்கிறார். பதாகையோடு நிற்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேதப்பகுதி எனக்குத் தெரியாது. அதே பகுதியின் முடிவில் தேவன் அவர்களுக்கு "சீக்கிரத்திலே" நியாயஞ்செய்வார் என்று வருவதில்தான் சங்கடம். அந்தச் சொற்றொடர் காலம் தாழ்த்தாமல் என்றும் பொருள்படலாம், வரும்போது திடீரென்று என்றும் பொருள்படலாம். அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனவே அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காலக்கெடு சொல்லும் பிரசங்கத்தை நம்ப வேண்டாம்.

அடுத்து, மன்னிப்பு. சிலுவையில் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று இயேசு சொன்ன வார்த்தை, மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் இல்லை. அது லூக்கா எழுதியதுதான் என்றும் பிற்காலத்தில் சேர்ந்தது என்றும் இருபக்கமும் வாதங்கள் உண்டு. எனக்கு அது ஆதியிலேயே இருந்ததாகத் தோன்றுகிறது, ஆனால் சத்தியம் பண்ணமாட்டேன். ஐயமில்லாதது, ஸ்தேவான் கல்லெறியப்பட்டபோது இந்தப் பாவத்தை அவர்கள்மேல் சுமத்தாதிரும் என்று வேண்டியது. இருவரும் நடந்தது பாவமல்ல என்று சொல்லவில்லை. பாவம் என்று பெயரிட்டால்தான் மன்னிக்க ஏதாவது இருக்கும். அதே இயேசு, ஆசாரியனின் சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் அதை ஒப்புவி, தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று விளக்கம் கேட்டார். சின்னம்மா குண்டை வெடிக்கவைத்தவனை மன்னித்திருக்கலாம், அவன் இறந்துவிட்டான். அவர் பதாகையில் கேட்பதோ, முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் ஏன் தடுக்கப்படவில்லை, பின்னால் யார் இருந்தார்கள் என்பதை. இந்த நாட்டின் உயர் நீதிமன்றமே 2023 ஜனவரி 12ஆம் திகதி அடிப்படை உரிமை மீறல் மனுக்களில் தீர்ப்பளித்து, முன்னாள் சனாதிபதி 10 கோடி ரூபாயும் பாதுகாப்புத் துறையின் முன்னாள் உயர் அதிகாரிகள் வேறு தொகைகளும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்த மனுக்களைத் தாக்கல் செய்தவர்கள் எல்லாரும் மன்னியாதவர்கள் என்று யார் சொல்வார்?

கடவுளின் நீதி எப்போது என்ற கடினமான பகுதிக்கு வருகிறேன். "தெய்வம் நின்று கொல்லும்" என்பது நம் மக்களின் பெரிய ஆறுதல். அதை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். நமது கரையோர ஊர்களில் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறார்கள். அநீதி கண்டு எரிந்த ஒருத்தியின் கோபத்தைக் குளிரவைக்காமல் ஊர் வாழ முடியாது என்ற அறிவு அதில் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆத்துமாக்களை விளக்கும்போது நான் பலமுறை அதை உவமையாகச் சொல்லியிருக்கிறேன், சில போதகர்கள் முகம் சுளித்தாலும். ஆனால் அந்தப் பழமொழியைக் கிறிஸ்தவ விசுவாசமாகவே எடுத்துக்கொண்டால், கொன்றவன் சாகும்வரை காத்திருந்து, அவனுக்கு வந்த நோயை எண்ணிக்கொண்டிருக்கும் நிலைக்கு வந்துவிடுவோம். இதுவும் புதிதல்ல. 4ஆம் நூற்றாண்டில் லக்தாந்தியுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், துன்புறுத்திய பேரரசர்கள் எப்படிக் கொடூரமாகச் செத்தார்கள் என்று ஒரு நூலே எழுதினார். கலேரியுஸ் உடல் அழுகி இறந்ததை விரிவாகச் சொல்கிறார். அந்தக் கலேரியுஸ்தான் சாவதற்குச் சற்று முன், 311இல், கிறிஸ்தவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்துத் தனக்காக ஜெபிக்கும்படி கட்டளை வெளியிட்டவன் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். படுக்கையில் அமைதியாக இறந்த கொடியவர்களின் பட்டியல் எவரும் எழுதாததால் நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை இயேசு நேரடியாகவே மறுத்திருக்கிறார். லூக்கா 13இன் தொடக்கத்தில் வருகிற செய்தி நம் செய்திக்கு மிகவும் நெருங்கியது: பலியிட வந்திருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்று அவர்களின் இரத்தத்தைப் பலிகளோடு கலந்தான். வழிபடும் இடத்தில் வழிபடுகிறவர்கள் கொல்லப்பட்டார்கள். கேட்டவர்களிடம் இயேசு, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார். கூடவே சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் இழுத்து அதே பதிலைச் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். கடல் வந்துபோன பிறகு நாவலடியிலும் கல்லாற்றிலும் கல்முனையிலும் எந்தெந்த ஊர் எந்தப் பாவத்துக்காக அழிந்தது என்று விளக்கிய பிரசங்கங்களை நான் என் காதால் கேட்டேன். இந்த வேதப்பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படிப் பேச முடியாது. இறந்தவர்களின் சாவிலிருந்து அவர்களைப் பற்றிய தீர்ப்பை வாசிக்கக் கூடாது என்பது உறுதி. அந்தச் சம்பவத்துக்காகப் பிலாத்துவுக்கு என்ன நடக்கும் என்று இயேசு அங்கே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதும் உறுதி.

அப்போஸ்தலர் நடபடிகள் 12ஐ இதற்கு எதிராகக் காட்டுவார்கள், அங்கே ஏரோது புழுப்புழுத்து இறக்கிறானே என்று. கவனமாக வாசியுங்கள். யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றதற்காக அவன் அடிக்கப்பட்டதாக அங்கே எழுதப்படவில்லை. கடவுளுக்குரிய மகிமையைத் தனக்கு ஏற்றுக்கொண்டதற்காக என்று எழுதப்பட்டிருக்கிறது. அதே அதிகாரத்தில் பேதுரு தூதனால் விடுவிக்கப்படுகிறார், யாக்கோபு விடுவிக்கப்படவில்லை, சபை இருவரையும் நேசித்திருந்தும். பேதுருவைக் காவல் காத்த, குற்றமற்ற சேவகர்களும் கொல்லப்படுகிறார்கள். ஏன் இவர், ஏன் அவரல்ல என்பதற்கு லூக்கா ஒரு விளக்கமும் தரவில்லை. அன்று சீயோன் சபையில் உள்ளே இருந்தவர்கள் பலர் தப்பினார்கள். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலர் இறந்தார்கள். வந்தவனைச் சந்தேகித்து உள்ளே விடாமல் மறித்தவரும் இறந்தார். இதற்குக் காரணம் தெரியும் என்று சொல்லி உங்கள் வீட்டுக்கு வருகிறவருக்குத் தேநீர் கொடுங்கள், காதைக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் உண்மையில் வாக்குறுதி என்ன? வெளிப்படுத்தின விசேஷம் 6இல் ஆத்துமாக்கள் "எதுவரைக்கும்" என்று கேட்கின்றன. அது சங்கீதங்களிலும் ஆபகூக்கிலும் வரும் பழைய முறையீடு. பரலோகத்தில்கூட அது அடக்கப்படவில்லை, அவிசுவாசம் என்று கண்டிக்கப்படவும் இல்லை. பதிலாக முதலில் ஒவ்வொருவருக்கும் வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது: உலக நீதிமன்றம் குற்றவாளி என்று தள்ளியவர்களை மேல்நீதிமன்றம் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கிறது. பிறகு, இன்னுங் கொஞ்சக்காலம் இளைப்பாறுங்கள், உங்களைப்போலக் கொல்லப்படப்போகிறவர்களின் "தொகை நிறைவாகுமளவும்" என்று வருகிறது. பலரை இடறச்செய்யும் வசனம் இது, கடவுள் ஏதோ எண்ணிக்கை நிரம்பக் காத்திருக்கிறார் என்பதுபோல. "தொகை" என்ற சொல் கிரேக்கத்தில் இல்லை. பொருள் விளங்குவதற்காக மொழிபெயர்ப்பாளர் சேர்த்தது. அவர்கள் நிறைவாகுமளவும் என்றுதான் இருக்கிறது, சில படிகளில் தங்கள் ஓட்டத்தை முடிக்குமளவும் என்று பொருள்படும் வடிவமும் உண்டு. ஆகையால் கொலைக் கணக்கு என்ற பொருளை நான் ஏற்கவில்லை. ஆனால் காத்திருப்பு நீளும், இடையில் இன்னும் பலர் சாவார்கள் என்ற செய்தி எந்த மொழிபெயர்ப்பிலும் மறையாது. அதை மென்மையாக்க எனக்கு வழியில்லை.

விசுவாசத்துக்காகத்தான் இறந்தார்கள் என்று எல்லாச் சாவையும் சொல்லலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். உயிர்த்த ஞாயிறு பற்றி ஐயமில்லை. ஆராதனைக்கு வந்தார்கள் என்பதைத் தவிர அவர்கள் கொல்லப்பட வேறு காரணமில்லை. மற்றவை அவ்வளவு நேரானவை அல்ல. 1988 ஜூன் 6ஆம் திகதி மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்தின் பங்குத்தந்தை சந்திரா பெர்னாண்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய அமெரிக்க இயேசுசபைக் குரு யூஜின் ஹேபர், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி தன்னுடன் பயணித்த தமிழ் இளைஞருடன் காணாமல் போனார். இன்றுவரை இருவரின் உடலும் கிடைக்கவில்லை. கிறிஸ்து என்ற பெயருக்காக அவர்கள் கொல்லப்படவில்லை, அந்தப் பெயர் அவர்களைச் செய்யவைத்த காரியத்துக்காக இலக்கானார்கள் என்றே நான் சொல்வேன். எல் சல்வடோரில் 1980இல் கொல்லப்பட்ட பேராயர் ரொமேரோவை 2015இல் கத்தோலிக்கத் திருச்சபை மறைசாட்சி என்று ஏற்றதும் இந்த வழியில்தான். 2005இல் நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது அதே மரியன்னை ஆலயத்தில் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டது வேறுவகை: இடம் ஆலயம், காரணம் அரசியல். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தவர்கள் 2021 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்கள். அவருக்கு மறைசாட்சிப் பட்டம் பொருந்தாது என்றாலும் நீதி கிடைக்க வேண்டும் என்பதில் குறைவில்லை; கடவுளின் நீதி கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய சலுகை அல்ல.

இதைச் சொல்லும்போது மட்டக்களப்பை அடுத்த முஸ்லிம் ஊரான காத்தான்குடியைச் சொல்லாமல் விடமுடியாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி அங்கே இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களும் வழிபட்ட இடத்தில் வழிபட்டபடியே இறந்தவர்கள். அவர்களின் தாய்மாரும் எதுவரைக்கும் என்றுதான் கேட்டிருப்பார்கள். 2019இல் குண்டோடு வந்தவன் எந்த ஊரவன் என்பதைக் கொண்டு அந்த ஊரையே பழிக்கும் பேச்சு நம் சபைகளில் இன்னும் கேட்கிறது. பவுல் உன் கையால் செய்யாதே என்று தடுத்தது துல்லியமாக இதைத்தான், நாவால் செய்தாலும் அதுவே. சிறு சபைகளுக்குக் கிராமங்களில் வரும் எதிர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1 பேதுரு 4:15, கொலைபாதகனாகவோ திருடனாகவோ "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாக"வோ பாடுபடாதே என்கிறது. அந்தக் கடைசிச் சொல் மிக அரிதானது, சரியான பொருள் எவருக்கும் நிச்சயமில்லை. ஆனாலும் அயலவர் கோயில் திருவிழா நாளில் ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பிரசங்கித்துவிட்டு, பிறகு வந்த சண்டையைத் துன்புறுத்தல் என்று சாட்சி சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தச் சொல் அவர்களுக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சின்னம்மாவுக்கு நீங்கள் என்ன சொல்லலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நான் என்றால் எதையும் விளக்கப் போகமாட்டேன். அடுத்த நினைவுநாளுக்கு அவருடன் போய்ப் பதாகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வேன். சகோதரிமாருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தால் லூக்கா 18ஐ வாசித்துக் காட்டி, அந்த விதவையிடம் இயேசு வீட்டுக்குப் போ என்று சொன்னாரா என்று மட்டும் கேட்பேன். வீட்டில் அவர் விரும்பினால் 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறே வசனங்கள், முதல் இரண்டில் நான்குமுறை "எதுவரைக்கும்" வரும். கடைசி இரண்டு வசனங்கள் துதியாக மாறும். அந்த இடத்துக்கு வருமுன் அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். மீதியை இன்னொரு நாள் வாசிக்கலாம்.